சான்று எண் அசல், நாணயம் போலி: என் ஹவாய் அரை டாலர் கதை

அமெரிக்க நினைவு நாணயங்கள் வாங்குகிறவர்கள், அதிலும் 1928 ஹவாய் அரை டாலரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 980 டாலர் போய்விட்டது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு, நாணயம் சேர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவரவருக்கு மிகப் பிடித்த நினைவு நாணயம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். என்னிடம் பெருமையாக எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. இருந்தது 1892 கொலம்பஸ் அரை டாலர் ஒன்றுதான். சிகாகோ கண்காட்சிக்காக அடித்த அமெரிக்காவின் முதல் நினைவு நாணயம் அது. அப்போது ஒரு டாலருக்கு விற்றார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, மிச்சமெல்லாம் புழக்கத்துக்குப் போய்விட்டது. என்னுடையதும் யார் யாருடைய பைகளிலோ கிடந்து தேய்ந்தது. அதைக் கொண்டுபோக மனம் வரவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

ஹவாய் நாணயத்தின் மேல் எனக்குப் பல வருட ஆசை. ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் 1778இல் அந்தத் தீவுகளுக்கு வந்து 150 ஆண்டு ஆனதற்காக அடித்தது. ஒரு பக்கம் குக்கின் முகம். மறுபக்கம் குன்றின் மேல் ஏறி நின்று கை நீட்டும் ஹவாய்த் தலைவர், பின்னால் தென்னை, கீழே வைகீகி கரை, தூரத்தில் டைமண்ட் ஹெட் மலை. அடித்ததே சுமார் பத்தாயிரம்தான். அன்றைக்கு 2 டாலருக்கு விற்றதை இன்று தேயாத நிலையில் வாங்க ஆயிரத்துக்கு மேல் ஆகும். நான் பார்த்த வியாபாரிகள் ஆயிரத்து எண்ணூறுக்குக் குறைந்து பேசவே இல்லை.

அப்போதுதான் ஓர் இணையச் சந்தையில் 1,030 டாலருக்கு ஒன்று கண்ணில் பட்டது. நாணயத்தைச் சோதித்துத் தரம் குறித்து, எண் போட்டு மூடித் தரும் தரச் சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறை, அதாவது ஸ்லாப், ஹாலோகிராம், பார்கோடு எல்லாம் இருந்தன. இறந்துபோன தாத்தாவின் சேகரிப்பு என்று எழுதியிருந்தார்கள். (தாத்தா கதை வந்தால் உஷாராக வேண்டும் என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவன் நான்.) உறையில் இருந்த சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஹவாய், 1928, தரம் எல்லாம் அப்படியே பொருந்தின. அலுவலக இடைவேளையில் கைபேசியில் பார்த்தது. எழுத்தில் இருந்ததைப் படித்தேன், மூடிவிட்டேன். கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் அந்த எண்ணுக்குரிய நாணயத்தின் படம் வந்திருக்கும். தள்ளவில்லை.

விற்றவர் மரியாதையாகத்தான் பேசினார். சந்தைக்குத் தரும் கமிஷன் மிச்சமாகும், நேரடியாக அனுப்பினால் 50 டாலர் குறைக்கிறேன் என்றார். நாளைக்கு வேறொருவர் வருகிறார் என்றும் சொன்னார். பணம் அனுப்பும் செயலியில், நண்பருக்கு அனுப்புவது போன்ற வகையில், வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பினேன். கிரெடிட் கார்டு கூட இல்லை. அந்த வகையில் அனுப்பினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று திரையிலேயே எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

நாலாம் நாள் பொட்டலம் வந்தது. பளபளவென்று வெள்ளையாக இருந்தது. மனைவியிடம் காட்டினேன். "இதுக்கா தொள்ளாயிரத்து எண்பது?" என்றாள். சேர்ப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும் என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

கூட்டம் அன்று நன்றாகத்தான் நடந்தது. ஒருவர் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்காக அடித்த 1915 பனாமா பசிபிக் அரை டாலர் கொண்டு வந்திருந்தார். பூத் தூவும் பெண், பக்கத்தில் குழந்தை, பின்னால் கோல்டன் கேட் நீரிணையில் சூரியன் சாய்கிறது. அங்கே பாலம் திறந்தது 1937இல்தான், ஆகவே நாணயத்தில் வெறும் வானமும் கடலும்தான். எனக்கு அந்த வெறுமைதான் பிடித்தது. தபால் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மேற்கே குடியேறப் போனவர்களின் பாதையை நினைவுகூரும் ஆரிகன் டிரெயில் அரை டாலர் வைத்திருந்தார். மாட்டு வண்டி ஒரு பக்கம், வில்லோடு கை நீட்டி நிற்கும் பூர்வகுடி மனிதர் மறுபக்கம். சிற்பிகளான ஃப்ரேசர் தம்பதி சேர்ந்து வடிவமைத்தது. அமெரிக்க நினைவு நாணயங்களில் இதைவிட அழகானது இல்லை என்பது அவர் கட்சி. 1926இல் தொடங்கி 1939 வரை விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள், சேர்ப்பவர்கள் பையைக் கறக்கத்தான் என்று அவரே சிரித்தார்.

அடுத்து என் முறை. பெரியவர் வாங்கி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மௌனத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டார். அப்புறம் தன் கணினியில் எண்ணைத் தட்டி, படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார். அந்த எண்ணுக்குரிய அசல் நாணயத்தில் குக்கின் கன்னத்துக்குக் கீழே தேன் நிறத்தில் ஒரு திட்டு, விளிம்பில் ஒரு கீறல். என் கையில் இருந்ததில் இரண்டும் இல்லை. யாருடைய பெட்டியிலோ பத்திரமாக இருக்கும் நாணயத்தின் எண்ணை எடுத்து, போலி உறையில் அச்சடித்து, போலி நாணயத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து உறையை உடைத்தேன். அரை டாலர் 12.5 கிராம் இருக்க வேண்டும், 90 சதவீதம் வெள்ளி. என் தராசில் 11.3. உருப்பெருக்கியில் பார்த்தால் வெற்றுப் பரப்பில் மணல் தூவியது போல மேடான புள்ளிகள், எழுத்துகளின் அடி மழுங்கல். தேய்மானம் என்றால் முதலில் உயரமான இடங்கள்தான் தேயும். இதில் உயரமான இடமும் எழுத்தும் ஒரே மாதிரி மொழுக்கென்று இருந்தன. உறைக்குள் இருந்தவரை எடை போட வழியில்லை, விளிம்பும் சரியாகத் தெரியாது. உறை இருந்தால் கவலையில்லை என்று நம்பியவனுக்கு அந்த உறையே திரையாகிவிட்டது.

விற்றவர் முதலில் கூரியரில் மாறியிருக்கும் என்றார், மறுநாள் நீங்களே மாற்றிவிட்டுப் பேசுகிறீர்கள் என்றார், மூன்றாம் நாள் கணக்கையே காணோம். பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று சந்தைக்காரர்கள் கைவிரித்தார்கள். செயலிக்காரர்கள் அந்த எச்சரிக்கை வரியையே திருப்பி அனுப்பினார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் பதிந்திருக்கிறேன். அமெரிக்காவில் 1973லேயே சட்டம் உண்டு, நகல் நாணயம் என்றால் 'காப்பி' என்று அதிலேயே பொறித்திருக்க வேண்டும். என்னுடையதில் அந்தச் சொல்லை மட்டும் காணவில்லை.

நான் ஏமாறுவது இது முதல் தடவையும் இல்லை. வந்த புதிதில், தங்க முலாம் பூசிய ஐம்பது மாநிலக் கால் டாலர்களை மரப்பெட்டியோடு 199 டாலருக்கு வாங்கினேன். முலாமை நாணயச் சாலை பூசவில்லை, தனியார் பூசியது. ஐம்பதையும் சேர்த்தால் முகமதிப்பு பன்னிரண்டரை டாலர். அதுகூடப் பரவாயில்லை, கடையில் கொடுத்தால் காபியாவது கிடைக்கும்.

சான்று எண்ணைப் போட்டதும் நிற்காதீர்கள். படம் வருகிறதா என்று பார்த்து, விற்பவரிடம் வேறு வெளிச்சத்தில், இரு பக்கமும், சாய்த்துப் பிடித்துப் புதிதாக எடுத்த படங்களைக் கேளுங்கள். கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். படம் இல்லாத பழைய எண் என்றால் எனக்கு இனி அது வேண்டாம், எவ்வளவு மலிவானாலும். பணத்தைக் கார்டில் கட்டுங்கள். நினைவு நாணயம் கையில் வந்த அன்றே தெரிந்தவரிடம் காட்டுங்கள், என்னைப் போல அலமாரியில் வைத்து ரசிக்காதீர்கள்.

நேற்றிரவு அதே சந்தையில் ஹவாய் என்று தேடினேன். வேறு பெயர், வேறு ஊர், வேறொரு தாத்தா. உறையில் அதே எண். படத்தில் அதே நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு. விலையை மட்டும் 60 டாலர் குறைத்திருக்கிறார்கள்.