அடைப்பை விரிப்பதா, முதலில் வகுப்பதா?

4(ம − 3) = 20. இதில் ம தெரியாத எண். பங்கீட்டு விதிப்படி, அதாவது வெளியே உள்ள எண்ணால் அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்கி, விரித்தால் 4ம − 12 = 20, பிறகு 4ம = 32, கடைசியில் ம = 8. விரிக்காமல் இருபுறமும் 4ஆல் வகுத்தால் ம − 3 = 5; அடுத்த வரியிலேயே 8 வந்துவிடும். இந்த மாதிரிக் கணக்கில் வகுத்தல்தான் முந்தும்.

எண்கள் ஒத்துழைக்காவிட்டால் கதை மாறும். 3(ம + 2) = 14 என்பதை வகுத்தால் 14/3 வந்து நிற்கும், அதிலிருந்து 2ஐக் கழிக்கப் பகுதியைச் சமமாக்க வேண்டும். விரித்தால் 3ம = 8; பின்னம் விடையில் மட்டும்தான், 8/3.

அடைப்புக்கு வெளியே தனியாக ஓர் எண் இருந்தால் வகுத்தலில் ஆபத்து அதிகம். 4(ம − 3) + 8 = 20 என்பதில் அந்த 8ஐ வகுக்க மறந்து ம − 3 + 8 = 5 என்று எழுதி, ம = 0 என முடித்துவிடுவார்கள். உண்மையான விடை 6.

அதற்காக விரித்தல் பத்திரமான வழி என்று சொல்லிவிட முடியாது. 5(ம − 2) − 3(ம − 4) = 10 என்பதைப் பாருங்கள். −3 உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டும்: 5ம − 10 − 3ம + 12 = 10. ஒத்த உறுப்புகளை (ம உள்ளவை தனி, வெறும் எண்கள் தனி) சேர்த்தால் 2ம + 2 = 10, ம = 4. +12க்குப் பதில் −12 என்று எழுதினால் விடை 16. அதை மூலச் சமன்பாட்டில் போட்டால் 70 − 36 = 34; 10 வரவில்லை, குட்டு உடைந்துவிடும்.

பலர் கண்ணில் படாத மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. 7(ம − 5) − 2(ம − 5) = 30. இங்கே அடைப்பையே ஒத்த உறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஏழிலிருந்து இரண்டு போனால் 5(ம − 5) = 30; ம − 5 = 6; ம = 11. விரிக்கவே வேண்டாம். ஆனால் இரண்டு அடைப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும்.

சமன்பாட்டின் இருபுறமும் ம வந்தால் நான் யோசிக்காமல் விரித்துவிடுவேன். 3(ம + 2) − ம = 2(ம + 3) என்பது விரித்ததும் 2ம + 6 = 2ம + 6 ஆகிவிடும்; எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். வலப்பக்கம் 2(ம + 4) என்றிருந்தால் 6 = 8 என்று வரும், தீர்வே இல்லை.