மெஜென்டோ கடைக்குத் தீம் செய்யக் கொடுத்திருப்பவர்கள் கடைசித் தவணைக்கு முன் படிக்க வேண்டியது

ஒரு சேலைக் கடையின் ஆன்லைன் தளம், மெஜென்டோ 2.4.6-இல் ஓடியது. மெஜென்டோ என்பது ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருள், தீம் அதன் மேல் போடும் தோற்றம். "உங்கள் கடைக்கென்றே தனியாக உருவாக்கும் தீம்" என்று ஒப்பந்தத்தில் எழுதி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஓர் ஏஜென்சி அதைச் செய்துகொடுத்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கடைக்காரரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். 2024 ஜூனில் பாதுகாப்பு அப்டேட் ஏற்றிய அன்று மொத்த அலங்காரமும் காணாமல் போனது. நிறம், எழுத்துரு, மெனு, சேலைப் பக்கத்தின் அமைப்பு எதுவும் இல்லை. மெஜென்டோவோடு சும்மா வரும் லூமா தீமின் முகம்தான் திரையில் நின்றது. ஏஜென்சியைக் கேட்டால், "அப்டேட் போட்டா உடையும்னு அப்பவே சொன்னோமே சார். பேக்கப்பை ரிஸ்டோர் பண்ணிக்குங்க, இனிமே அப்டேட் போடாதீங்க" என்று பதில் வந்தது. அப்டேட்டும் வேண்டும், அலங்காரமும் வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கொட்டேஷன்.

அந்தப் பதிலைக் கேட்டு எந்தக் கடைக்காரரும் பழைய பேக்கப்புக்குப் போய்விடக் கூடாது. 2024 ஜூன் 11 அன்று மெஜென்டோவை நடத்தும் அடோபி வெளியிட்ட 2.4.6-பி6, 2.4.7-பி1 முதலிய பதிப்புகள் அடைத்த ஓட்டைக்குக் காஸ்மிக்ஸ்டிங் என்று பெயர் வந்தது. லாகின் எதுவும் இல்லாமலே வெளியாள் ஒருவர் சர்வரில் உள்ள ஃபைல்களைப் படித்துவிட முடியும். அப்படிப் படித்தால் முதலில் கிடைப்பது ரகசியத் தரவுகளைப் பூட்டும் கடையின் என்கிரிப்ஷன் சாவி. அந்தச் சாவி கையில் இருந்தால் அட்மின் அதிகாரத்தோடு ஏபிஐ (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக உள்ளே வந்து, முகப்பில் இருக்கும் சிஎம்எஸ் பிளாக்குகளில் (அட்மினிலிருந்து எழுதும் பக்கத் துண்டுகளில்) கார்டு எண் திருடும் ஸ்கிரிப்டைச் செருகலாம். நடந்த தாக்குதல்களின் வழி அதுதான். இப்படிப்பட்ட அப்டேட்டைத் தீமுக்காக நிறுத்தி வைக்கச் சொல்வது, வாடிக்கையாளரின் கார்டை எடுத்துத் திருடன் கையில் கொடுப்பதற்குச் சமம்.

அலங்காரம் ஏன் போனது? ஃபைல்களைத் திறந்து பார்த்தால் தனித் தீம் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. மெஜென்டோவின் கோடை இறக்கித் தரும் கம்போசர் என்ற கருவி வென்டார் ஃபோல்டருக்குள் இறக்கி வைத்த லூமாவின் சொந்த ஃபைல்களையே திறந்து, அதிலேயே நிறத்தையும் அமைப்பையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். வென்டார் ஃபோல்டர் நமக்குச் சொந்தமான இடம் இல்லை. ஒரு பேக்கேஜின் புதுப் பதிப்பு வரும்போது கம்போசர் பழைய ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கும். உள்ளே கை வைத்தது யார், எதை மாற்றினார்கள் என்று கேட்காது. ஆக, அப்டேட் எதையும் உடைக்கவில்லை. அடுத்த அப்டேட் வரை மட்டுமே தாங்கும் வேலையைத்தான் முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

முறையாகச் செய்தால் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் தளத்தை நீங்களே சோதிக்கலாம். ஆப் ஃபோல்டருக்குள் டிசைன், அதற்குள் ஃபிரன்ட்எண்ட், அதற்குள் உங்கள் நிறுவனப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தீமின் ஃபோல்டர். உள்ளே இரண்டு சின்ன ஃபைல்கள் கட்டாயம்: தீமின் பெயரையும் தாய்த் தீமையும் சொல்லும் தீம் எக்ஸ்எம்எல், அதை மெஜென்டோவுக்கு அறிமுகப்படுத்தும் ரெஜிஸ்ட்ரேஷன் பிஎச்பி. தாய் லூமாவாக இருக்கலாம், லூமாவுக்கும் தாயான பிளாங்க் ஆக இருக்கலாம். ஒரு ஃபைல் தேவைப்படும்போது மெஜென்டோ முதலில் உங்கள் தீமில் தேடும், இல்லையென்றால் தாயில், அதற்கும் தாயில், கடைசியில் அந்தந்த மாட்யூலில் (மெஜென்டோவின் ஒவ்வொரு வசதிக்குமான கோடுத் தொகுப்பில்). அதனால் மாற்ற வேண்டியதை மட்டும் உங்கள் தீமில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் மேலிருந்து தானாக வரும். அப்டேட் வந்தால் தாய் மாறும், உங்கள் ஃபோல்டரை யாரும் தொட மாட்டார்கள்.

இதில் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிறம், அளவு போன்ற ஸ்டைல்களை மெஜென்டோ லெஸ் என்ற வகை ஃபைல்களில் வைத்திருக்கும். நிற மாற்றத்தை எக்ஸ்டெண்ட் லெஸ் ஃபைலில் எழுதினால் அது தாயின் ஸ்டைலுக்கு மேல் கூடுதலாகச் சேரும். அதையே தீம் லெஸ் ஃபைலில் எழுதினால் தாயின் தீம் லெஸ் முழுவதுமாக விலகிவிடும். லூமா அங்கே வைத்திருந்த மாறிகள் எல்லாம் போய், பொத்தான்களும் இடைவெளிகளும் பிளாங்க்கின் மதிப்புக்குத் திரும்பும். தீம் லெஸ் வேண்டுமென்றால் தாயின் ஃபைலை முழுதாகப் படியெடுத்துவிட்டு அதில் மாற்ற வேண்டும். "பட்டன் நிறத்தை மட்டும் மாத்தினேன், எல்லாமே மாறிடுச்சு" என்று குழம்புபவர்களிடம் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கோடு தெரியாத கடைக்காரரும் இரண்டு நிமிடத்தில் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. அட்மினில் கன்டென்ட், அதில் டிசைன், அதில் கான்ஃபிகரேஷன். உங்கள் ஸ்டோர் வியூவுக்கு நேரே எடிட்டைத் தட்டுங்கள். அப்ளைடு தீம் என்ற இடத்தில் மெஜென்டோ லூமா என்று இருக்கிறது, ஆனால் தளமோ லூமா மாதிரி இல்லை என்றால், தனித் தீம் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பக்கத்திலேயே தீம்ஸ் என்ற பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு தீமுக்கும் பெயர், தாய், பாதை மூன்றும் தெரியும். உங்கள் நிறுவனப் பெயரில் ஒன்றும் இல்லாமல், கேள்விப்படாத பெயரில் ஒன்று இருந்தால், எங்கோ ரெடிமேடாக வாங்கிய தீமுக்குத் தனித் தீம் விலை கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். ரெடிமேட் தீம் தப்பில்லை. விலையைச் சொல்லி, உரிமத்தை உங்கள் பெயரில் வாங்கித் தந்தால் நல்ல வேலைதான். உரிமம் ஏஜென்சியின் கணக்கில் இருந்தால் அந்தத் தீமின் அடுத்த பதிப்பு உங்களுக்கு வராது.

அதே எடிட் பக்கத்தில் கொஞ்சம் கீழே எச்டிஎம்எல் ஹெட் பகுதியைத் திறங்கள். ஸ்கிரிப்ட்ஸ் அண்ட் ஸ்டைல் ஷீட்ஸ் என்று ஒரு பெட்டி. அனலிட்டிக்ஸ் துண்டு போன்ற இரண்டு மூன்று வரிகள் போடுவதற்கான இடம் அது. இந்தக் கடையில் அதற்குள் பல நூறு வரி சிஎஸ்எஸ் (தோற்றத்தைச் சொல்லும் கோடு) கிடந்தது, மற்ற ஸ்டைல்களை மீறும் இம்பார்ட்டண்ட் என்ற சொல்லை வரிக்கு வரி போட்டு. எழுதியது டேட்டாபேஸில் போய் உட்காருவதால், கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் அதற்கு வரலாறே இல்லை. எந்த வரியை யார், எப்போது சேர்த்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. கடையின் ஒவ்வொரு பக்கத்தோடும் அந்த மூட்டை முழுதும் இறங்குகிறது. எல்லாவற்றையும் விட மோசம், கார்டு திருடும் ஸ்கிரிப்ட் ஒளிந்துகொள்ள விரும்பும் இடங்களில் இந்தப் பெட்டியும் ஒன்று. மூன்று வரி இருந்தால் நாலாவது வரி கண்ணில் படும். பல நூறு வரிகளுக்கு நடுவில் ஒரு வரி கூடினால் யார் கண்ணில் படும்?

படங்களின் விஷயம்தான் மனதை மிகவும் வருத்தியது. சேலைப் படங்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று கடைக்காரர் புகார் சொன்னபோது, "உங்க ஃபோட்டோ குவாலிட்டி பத்தாது" என்று சொல்லி மறுபடி ஃபோட்டோ ஷூட் எடுக்க வைத்திருக்கிறார்கள். ஜரிகைக் கரையை எண்ணி எடுக்கும் அளவுக்குத் தெளிவான படங்கள் சர்வரில் இருந்தன. குறை படத்தில் இல்லை. மெஜென்டோ நீங்கள் ஏற்றிய படத்தை அப்படியே காட்டாது. தீமின் ஈடிசி ஃபோல்டரில் உள்ள வியூ எக்ஸ்எம்எல் சொல்லும் அளவுக்குச் சுருக்கி ஒரு படி எடுத்து, அதைத்தான் காட்டும். லூமாவில் பட்டியல் பக்கத்துக்கு 240-க்கு 300 பிக்சல். வரிசைக்கு மூன்றே சேலை வைத்துப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், வியூ எக்ஸ்எம்எல்லைத் தொடாமல் சிஎஸ்எஸ்ஸில் அகலத்தை 480 ஆக்கி இழுத்துவிட்டார்கள். 240 பிக்சலை இரட்டிப்பாக இழுத்தால் எந்த கேமராவில் எடுத்த படமும் மங்கத்தான் செய்யும். தீர்வு, சொந்தத் தீமின் வியூ எக்ஸ்எம்எல்லில் அந்தப் படத்துக்கான அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, கேட்லாக் இமேஜஸ் ரீசைஸ் கட்டளையை ஒரு தடவை ஓட்டுவது. புது அளவுக்குப் புதுப் படிகள் உருவாகும், அதனால் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைச் செய்தாலே பழைய படங்கள் தெளிந்துவிடும். இரண்டாவது ஃபோட்டோ ஷூட்டுக்குக் கொடுத்தது வீண்.

தளத்துக்கு வெளியே போகும் காகிதங்களையும் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஒரு ஆர்டர் போட்டு, வரும் மெயிலைத் திறங்கள். இந்தக் கடையின் வாடிக்கையாளர்களுக்குப் போன மெயிலின் தலைப்பு, ஆங்கிலத்தில், "உங்கள் மெயின் வெப்சைட் ஸ்டோர் ஆர்டர் உறுதியானது" என்று இருந்தது. மேலே லூமா லோகோ. அனுப்புநர் முகவரி எக்ஸாம்பிள் டாட் காம். மூன்றுமே மெஜென்டோவை நிறுவும்போது இருக்கும் இயல்பு மதிப்புகள். யாரும் ஒரு தடவைகூட அந்தப் பக்கங்களைத் திறக்கவில்லை. கல்யாணப் புடவைக்குப் பணம் கட்டியவருக்கு இப்படி ஒரு மெயில் வந்தால் ஏமாற்றுத் தளம் என்றுதானே நினைப்பார்? கடையின் பெயர் ஸ்டோர்ஸ் மெனுவின் கான்ஃபிகரேஷனில், ஜெனரலுக்குக் கீழ். அனுப்புநர் முகவரிகள் அதே இடத்தில் ஸ்டோர் இமெயில் அட்ரஸஸில். மெயில் லோகோ டிசைன் கான்ஃபிகரேஷனில் டிரான்ஸாக்ஷனல் இமெயில்ஸ் பகுதியில். தளத் தலைப்பில் வைத்த லோகோ மெயிலுக்குத் தானாகப் போகாது, பிஎன்ஜி அல்லது ஜேபெக் ஆகத் தனியாக ஏற்ற வேண்டும். திரையில் தெரியப்போகும் அளவைப்போல் மூன்று மடங்கில் ஏற்றி, அகல உயரத்தில் ஒரு மடங்கு அளவை எழுதினால் போனில் கூர்மையாக இருக்கும். இன்வாய்ஸுக்கான லோகோ இன்னோர் இடத்தில், சேல்ஸ் அமைப்புகளில். அடிக்குறிப்பின் காப்பிரைட் வரியில் இன்னும் மெஜென்டோவின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பக்கங்களின் சட்டகத்தை எழுதி வைத்த ஃபைல்களான டெம்ப்ளேட்டுகளை மாற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. சில தீம்கள் மாற்றமே தேவைப்படாத டெம்ப்ளேட்டுகளையும் கூடை கூடையாகப் படியெடுத்து வைத்திருக்கும். அடோபி மூல டெம்ப்ளேட்டில் ஒரு பாதுகாப்புக் குறையைத் திருத்தினாலும் உங்கள் தீமில் உள்ள பழைய படிதான் ஓடும், திருத்தம் உங்களை வந்து சேராது. படிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 2.4.7 முதல் செக்அவுட் பக்கத்தில் அனுமதியில்லாத இன்லைன் ஸ்கிரிப்டுகளை பிரவுசரே நிறுத்திவிடும். டெம்ப்ளேட்டுக்குள் நேரடியாக ஸ்கிரிப்ட் எழுதிய தீம்களில் பணம் கட்டும் பக்கம் அங்கேதான் நின்றுபோகும்.

இனி, கடைசித் தவணை கொடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரே சோதனை. ஏஜென்சியை வைத்தே, உங்கள் கண்ணெதிரே, ஸ்டேஜிங் சர்வரில் (வாடிக்கையாளர் பார்க்காத சோதனை இடத்தில்) செய்யச் சொல்லுங்கள். கிட்டிலிருந்து புதிதாக ஒரு படி எடுக்க வேண்டும். வென்டார் ஃபோல்டரும் பப் ஸ்டேட்டிக் ஃபோல்டரும் அதில் காலியாக இருக்க வேண்டும். கம்போசர் இன்ஸ்டால் ஓட்டி, லைவ் டேட்டாபேஸின் படியை இணைத்து, செட்டப் அப்கிரேட், டிஐ கம்பைல், ஸ்டேட்டிக் கன்டென்ட் டிப்ளாய் ஆகிய கட்டளைகளை வரிசையாக ஓட்டி, புரொடக்ஷன் மோடில் (லைவ் தளம் ஓடும் நிலையில்) தளத்தைத் திறக்க வேண்டும். லைவ் தளம் போலவே வந்தால் வேலை உண்மையானது. வென்டாரில் கை வைத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். பப் ஸ்டேட்டிக்கில் உருவாகி நிற்கும் ஸ்டைல்ஸ்-எம், ஸ்டைல்ஸ்-எல் சிஎஸ்எஸ் ஃபைல்களில் நேரடியாக எழுதி ஏமாற்றியிருந்தாலும் தெரிந்துவிடும். கம்போசர் இறக்கும்போது கேட்கும் அக்சஸ் சாவி யாருடையது என்பதும் இங்கே வெளிவரும். அது ஏஜென்சியின் மார்க்கெட்பிளேஸ் கணக்கிலிருந்து எடுத்ததாக இருந்தால், உறவு முறிந்த நாளில் உங்களால் அப்டேட்டை இறக்கக்கூட முடியாது. சாவியை உங்கள் கணக்கில் உருவாக்கிக் கொடுங்கள். "லைவ்ல நல்லாத்தானே ஓடுது, இந்த டெஸ்ட் எதுக்கு" என்று மழுப்பினால் பணத்தை விடாதீர்கள். ஒப்பந்தத்திலேயே இந்தச் சோதனையை ஒரு வரியாக எழுதிவிட்டால் வாக்குவாதமே வராது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இருக்கிறது, அலங்காரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. இப்போதைய வென்டார் ஃபோல்டரை முழுதாகப் படியெடுத்து வையுங்கள். அதே பதிப்பு மெஜென்டோவை வேறோர் இடத்தில் புதிதாக இறக்கி, இரண்டு ஃபோல்டர்களையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். மாறியிருக்கும் ஃபைல்களின் பட்டியல்தான் ஏஜென்சி உண்மையில் செய்த வேலை. லூமாவைத் தாயாகக் கொண்டு சொந்தத் தீம் ஒன்றை உருவாக்குங்கள். லெஸ் மாற்றங்கள் எக்ஸ்டெண்ட் லெஸ்ஸுக்கு. மாறிய டெம்ப்ளேட்டுகள் தீமுக்குள் அந்தந்த மாட்யூல் பெயரிலான ஃபோல்டருக்கு. லேஅவுட் எக்ஸ்எம்எல்லில் (பக்கத்தில் எது எங்கே என்று சொல்லும் ஃபைலில்) மாறிய வரிகளை மட்டும் எடுத்து அதே மாட்யூல் ஃபோல்டரின் லேஅவுட்டுக்கு, முழு ஃபைல் வேண்டாம். பிஎச்பி கிளாஸ்களிலும் கை வைத்திருந்தால் அவற்றைத் தீமில் சேர்க்க முடியாது, தனி மாட்யூலில் பிளகினாக (மூலக் கோடைத் தொடாமல் அதன் போக்கை மாற்றும் துண்டாக) எழுத வேண்டும். ஸ்கிரிப்ட்ஸ் அண்ட் ஸ்டைல் ஷீட்ஸ் பெட்டியில் கிடக்கும் சிஎஸ்எஸ்ஸை வரிவரியாகப் படித்துவிட்டுத் தீமுக்குள் கொண்டுவாருங்கள், அறிமுகமில்லாத ஸ்கிரிப்ட் முகவரி இருந்தால் முதலில் அதைப் படமெடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். பிறகு ஸ்டேஜிங்கில் புதுத் தீமைப் பொருத்தி, அதன் மேல் அப்டேட்டை ஏற்றுங்கள். 2024 ஜூன் அப்டேட்டைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தவர்கள் ஏற்றியதோடு நிற்க வேண்டாம், அந்த இடைவெளியில் சாவி திருடு போயிருக்கலாம். என்கிரிப்ஷன் சாவியை மாற்றி, அட்மின் பாஸ்வேர்டுகளையும் மாற்றி, சிஎம்எஸ் பிளாக்குகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே லைவுக்குக் கொண்டுபோங்கள்.