கிளிப்-ஆன் ஏரோ பார்: 20-இல் சுமை, 40-இல் லாபம்

ரோடு சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டும் இரண்டு அலுமினியக் கம்பிகள், முழங்கைக்கு இரண்டு மெத்தைகள்; முழங்கையை அதில் ஊன்றி முன்னே கவிழ்ந்து, காற்றின் எதிர்ப்பைக் குறைத்து ஓட்டத்தான் இது. எல்லாம் சேர்த்து அரைக் கிலோ தேறும். வாங்கலாமா என்று கேட்டால், எந்த வேகத்தில் மிதிக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்லும் திறன் மும்மடியாக. வேகம் இரட்டித்தால் விசை 4 மடங்கு, திறன் 8 மடங்கு. நிமிர்ந்து ஓட்டுபவரின் இழுவைப் பரப்பை (உடம்பும் சைக்கிளும் காற்றை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு) 0.36 சதுர மீட்டர் என்றும், பாரில் கவிழ்ந்தால் 0.28 என்றும் வைத்துக்கொள்வோம். காற்றடிக்காத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் 37 வாட் போகும்; கவிழ்ந்தால் 29. வெறும் 8 வாட் மிச்சம். 40 கி.மீ. வேகத்தில் 296 வாட் 230 ஆக இறங்குகிறது. மிச்சம் 66!

எதிர்காற்றில் மெதுவாகப் போனாலும் பலன் உண்டு. 25 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால் உடம்பு உணர்வது 40-ஐத்தான். சுமார் 41 வாட் மிஞ்சும். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் தனிநேர ஓட்டத்தில் (ஒவ்வொருவரும் தனியாக, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) கிரெக் லெமாண்ட் இத்தகைய பாரோடு ஓட்டி, மொத்தப் பந்தயத்தையே 8 வினாடியில் வென்றார்.

பொருத்துவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். 31.8 மி.மீ. கிளாம்ப் உருண்டையான பகுதியில்தான் பிடிக்கும். தட்டையான ஹேண்டில்பாரில் உட்காராது. கார்பன் என்றால் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஒரு போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கிளாம்பின் இடைவெளி ஒரு பக்கம் சாயும், முதல் பள்ளத்திலேயே மெத்தை கீழே சுழலும். மாற்றி மாற்றி, கிளாம்பில் அச்சிட்ட அளவுவரை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் நழுவியது உடனே தெரியும்.

மெத்தையை உயரமாகத் தொடங்கி, பழகப் பழக ஒவ்வொரு சென்டிமீட்டராக இறக்குங்கள். தொடை வயிற்றில் இடித்தால் சீட்டை 1 செ.மீ. முன்னே தள்ளலாம். தலையைத் தூக்கியபடியே ஓட்டினாலும், சட்டை படபடத்தாலும் மேலே சொன்ன கணக்கு பலிக்காது.

பெரிய குறை பிரேக். கை அதைத் தொடுவதற்குள் பல மீட்டர் ஓடிவிடும். கூட்டமாக ஓட்டும்போதும் வளைவான இறக்கத்திலும் கையை ஏரோ பாரிலிருந்து எடுத்து, பிரேக் இருக்கும் ஹேண்டில்பாரில் வைத்துவிடுங்கள்.