பழைய டிவி ட்யூனர் கார்டு + லினக்ஸ்: பத்து வருஷம் ஓட்டுன அனுபவம்

பிடி878 சிப் போட்ட டிவி ட்யூனர் கார்டு (கம்ப்யூட்டர்ல டிவி பாக்க வைக்குற கார்டு) ஒண்ணு எங்கிட்ட இருக்கு, மதர்போர்டுல பிசிஐன்னு ஒரு பழைய மாடல் ஸ்லாட்ல சொருகுறது, கிரிக்கெட் பாக்குறதுக்காக செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. பத்து வருஷமா அதுக்கு ஒரே வேலைதான், சொந்தக்காரங்க கல்யாண கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறது. விசிஆர்ல இருந்து மஞ்சள் வயர் கார்டுக்கு, சத்தம் தனியா கம்ப்யூட்டரோட லைன் இன் ஓட்டையில.

கூட வந்த சிடில இருந்தது எக்ஸ்பி ட்ரைவர், 64 பிட் விண்டோஸ் அத சீண்டக்கூட இல்ல. டெபியன்னு ஒரு லினக்ஸ் போட்டா, இந்த சிப்புக்கான பிடிடிவி ட்ரைவர் கர்னல்லயே (லினக்ஸோட மையப் பகுதி) இருக்கு, ஆனா படம் வரல. நான் இன்ன மாடல்னு சொல்ற ஐடியே இந்தக் கார்டுல கிடையாது, கர்னலும் பொதுவா ஏதோ ஒரு கார்டுன்னு எடுத்துக்கிச்சு. டாக்குமெண்டேஷன்ல 160க்கு மேல கார்டு பேரு நம்பரோட இருக்கு, மாட்யூல (தேவைப்பட்டா மட்டும் கர்னல்ல ஏத்துற ட்ரைவர் துண்டு) கழட்டி கழட்டி ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாத்ததுல ஒரு ஞாயித்துக்கிழமை காலி. அப்புறம் சரியான நம்பர செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வரியா எழுதினதோட சரி, 720க்கு 576 பிக்சல், செகண்டுக்கு 25 ஃப்ரேம், அலுங்காம வருது. பூஞ்சை புடிச்ச கேசட்டுன்னா மட்டும் சரியா தாலி கட்டுற நேரத்துல படம் கிழியும், அதுக்கு கார்டு என்ன பண்ணும்.

இதையெல்லாம் இன்னும் எவன் யூஸ் பண்றான், கர்னல்ல இருந்து தூக்க வேண்டியதுதானேன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டுட்டே இருப்பான். மாட்யூல்தானடா, கார்டு இருந்தாதான் லோடே ஆகும், உனக்கு எங்க வலிக்குதுன்னு நானும் சண்டை போடுவேன். ஆனா வலி அவனுக்கு இல்ல, அந்தக் கோட பராமரிக்குற மெயின்டெயினருக்குன்னு லேட்டாதான் புரிஞ்சுது. வீடியோவ உள்ள வாங்குற கேப்சர் ட்ரைவருக்கெல்லாம் அடியில வீடியோபஃப்னு ஒரு பொதுவான புரோகிராம் கோட், 2011லயே அதுக்குப் பதிலா வீடியோபஃப்2 வந்தாச்சு, பழைய ட்ரைவர் நாலஞ்சுக்காக பழசையும் கட்டி இழுத்துட்டே இருந்தாங்க. கடைசியில மாறாத ட்ரைவருக்கெல்லாம் கெடு வச்சுட்டாங்க. பழைய ஆசுஸ் லேப்டாப்ல வந்த சின்டெக் வெப்கேம் ட்ரைவர் 2023ல போயே போச்சு. பிடிடிவியும் அதே க்யூலதான் நின்னுச்சு, அதே வருஷம் ஒரு டெவலப்பர் உக்காந்து புதுசுக்கு மாத்திக் குடுத்ததால பொழைச்சுது. டெபியன் 13ல 6.12 கர்னல், என்னோட அந்த ஒரு வரியோட அப்படியே ஓடுது.

அதனால இப்ப என் கட்சி கொஞ்சம் மாறிடுச்சு. எத்தனை பேரு யூஸ் பண்றாங்கன்னு எண்ணாதீங்க, கார்ட கையில வச்சு டெஸ்ட் பண்ண ஒரு ஆள் இருக்கானான்னு கேளுங்க, இருந்தா வைங்க, இல்லன்னா தூக்குனா தப்பில்ல. பத்து வருஷம் ஓசியில ஓட்டிட்டு ஒரு பேட்ச்கூட (கோட்ல பண்ற திருத்தம்) டெஸ்ட் பண்ணிச் சொல்லாத நான் இதப் பேசுறேன், அது வேற விஷயம்.

இப்ப கவலையெல்லாம் மதர்போர்டு மேலதான். பிசிஐ ஸ்லாட் இருக்குற போர்டு இது ஒண்ணுதான், ரெண்டு கெப்பாசிட்டர் உப்பிட்டு நிக்குது, இன்னும் பதினோரு கேசட் பாக்கி.