குளியலறையில் இரண்டு கைப்பிடி

மேற்கு மாம்பலத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டு கனடாவில் ஸ்கார்பரோவுக்குத் திரும்பி நாலு நாள் ஆகிறது. கல்யாணம், தி.நகர் அலைச்சல் எதுவும் மனதில் தங்கவில்லை, அம்மாவின் குளியலறையில் கைப்பிடி மாட்டிய கதைதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அம்மாவுக்கு 79 வயது. போன ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரோடு நடக்கிறாள். நான் போய் இறங்கிய மறுநாளே மருத்துவச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். ரப்பர் கப் வைத்து டைல்ஸில் ஒட்டுகிற கைப்பிடியை எடுத்து நீட்டினார்கள். "ஓட்டையே போட வேண்டாம் மேடம், யானை இழுத்தாலும் வராது." ஆளும் வந்து ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் துணி அலசும்போது சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அம்மா பிடித்திருந்தால்? அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். செப்பு அண்டாவில் வெந்நீர் போட்டு எங்களை அம்மா குளிப்பாட்டிய அதே அறை. கடைக்குத் திரும்பப் போனால், "ஒட்டினதை வாங்க மாட்டோம்."

பிடிக்கப் போவது யார், எந்தக் கையால், என்ன எடை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இங்கே பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வாக்கர் வாங்கும்போது தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து அளவெடுத்தார், விலையில் 75 சதவீதத்தை ஒன்டாரியோ அரசு கொடுத்தது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரத்தில் வாக்கரின் பிடி இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவின் வாக்கரோ அதைவிட நாலு விரல்கடை உயரம். இத்தனை மாதமும் தோளைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறாள்! வாக்கரின் காலில் உள்ள பொத்தானை அமுக்கி இறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் சித்தி சொல்லித்தான் மெரினா எதிரே, லேடி வெலிங்டன் வளாகத்தில் இருக்கும் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். 2022-இல் தமிழக அரசு திறந்தது. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் வீட்டில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கம்பியைப் பிடித்து எழுந்து பார்த்த அம்மா, "இது இருந்தா நானே எழுந்துக்குவேனே" என்றாள். பிறந்ததிலிருந்து சென்னைக்காரி நான், இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

கடைசியில் வேலையை முடித்தது எங்கள் தெரு பிளம்பர் தம்பி. டிரில்லை வெளியே எடுப்பதற்கு முன்னால், "பாட்டி, கமோட்ல உட்கார்ந்து மூணு தடவை எழுந்திருங்க" என்றார். மூன்று தடவையும் அம்மாவின் கை எங்கே சுவரைத் தேடியதோ அங்கே பென்சிலால் கோடு போட்டார். அதன்பின் டைல்ஸை விரலால் தட்டித் தட்டி, பொள்ளல் சத்தம் வந்த இடத்தை ஒதுக்கினார். "இது நாலரை இஞ்ச் சுவர்க்கா, நீள போல்ட் போட்டா அந்தப் பக்கம் வந்துரும்." மாட்டி முடித்ததும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். இரண்டு ஸ்டீல் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து, அந்த ரப்பர் கைப்பிடிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. தெரபிஸ்ட் படிப்பு படித்தவர் செய்கிற அதே வேலை!

வாசலில் மூன்று படி அப்படியேதான் இருக்கிறது. அங்கே சரிவுப் பாதை போடலாமென்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், எங்கள் ஒன்றரை அடிக்குப் பதினெட்டு. அதற்காகப் பைக் நிறுத்தும் இடத்தை விட்டுக்கொடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. அடுத்த முறை மறுபடி பேசுவேன்.

அன்று சாயங்காலம் அம்மா தாழ்ப்பாள் போடாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகத் தனியாகக் குளித்தாள். வெளியே சொம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். "இன்னும் அங்கேயேவா நிக்கறே? போய் மோட்டாரை நிறுத்து, தொட்டி வழியுது பார்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.