புளூடூத் ஓபிடி ஸ்கேனர்: செக் என்ஜின் லைட்டோடு சில வருட அனுபவம்

என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் சில வருடங்களாக ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனரைப் பயன்படுத்தி வருகிறேன். ஓபிடி என்பது வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்யும் அமைப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன சாதனம். இஎல்எம்327 சிப்பின் நகல்களை வைத்துச் செய்தவைதான் ஆன்லைனில் அதிகம் கிடைக்கின்றன. சில நூறு ரூபாயிலிருந்தே விலை ஆரம்பிக்கிறது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகி, போனில் டார்க், கார் ஸ்கேனர் மாதிரி ஒரு ஆப்பைப் போட்டால் வேலை ஆரம்பம்.

வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கோடு (code), அதாவது வண்டி பதிவு செய்யும் கோளாறு எண்ணைப் பார்க்கவும் அழிக்கவும் மட்டும் என்றால் பாதிப் பயன்தான். கோடு நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். எந்த பார்ட் போயிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, வண்டி ஓடும்போது வரும் லைவ் டேட்டாதான் வேண்டும். இதைப் புரியவைத்தது பி0171 என்ற கோடு.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் சீராக இருக்காது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் அதிரும். பைபாஸ் ஏறிவிட்டால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். டாஷ்போர்டில் மஞ்சள் நிற செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, புகையில் இருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரையும் மாற்றி இன்ஜெக்டரும் கிளீன் பண்ண வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்ததும், "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பி0171 என்றால் கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஒன்று, கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் குறைவாக வர வேண்டும். சென்சார் அதைப் பார்த்துச் சொல்கிற சாட்சி மட்டுமே. சாட்சியே பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். முன்பக்க சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கினால் அது உயிரோடுதான் இருக்கிறது. என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

அடுத்துப் பார்த்தது ஃப்யூல் டிரிம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. கூட்டினாலும் குறைத்தாலும் 10க்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஐடிலிங்கில் லாங் டெர்ம் டிரிம், அதாவது ஈசியூ நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம், 19; அந்த நொடிக்கான திருத்தமான ஷார்ட் டெர்ம் அதன் மேல் 6, 7 என்று ஆடியது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தினால் மொத்தமே 5க்கு வந்துவிட்டது. ஐடிலிங்கில் காற்று வரும் வழியான த்ராட்டில் மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் வேக்யூம் அதிகம், உள்ளே போகும் மொத்தக் காற்றோ கொஞ்சம். அப்போது ஒரு சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றே பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால் இது தலைகீழாக நடக்கும்: லோடு ஏற ஏறத்தான் டிரிம் ஏறும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வண்டியில் இருப்பது காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டிகளில் லீக் இருந்தால், வேக்யூம் குறைவதைப் பார்த்து ஈசியூ பெட்ரோலையும் கூட்டிவிடும். அங்கே டிரிம் பெரிதாக ஏறாமல் ஐடிலிங் மட்டும் உயரலாம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் என் எண்களை அப்படியே வைத்துப் பார்க்காதீர்கள்.

தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனைக் காட்டினேன். "ஏர் இழுக்குது தம்பி" என்றவர், ஒரு பிளையரில் துணியைச் சுற்றிக்கொண்டு ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றம் இல்லை. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் நசுக்கியதும் அதிர்வு அடங்கியது. கழற்றிப் பார்த்தால் மேலே பளபளவென்று இருக்கிறது. வளைவில் மடக்கினால்தான் கிளாம்புக்குச் சற்றுக் கீழே ரப்பர் வாய் பிளக்கிறது, உள்பக்கம் ஆயில் ஊறிப் பிசுபிசுத்துப் போயிருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. புது ஹோஸ் போட்ட பிறகு டிரிம் மெல்ல இறங்கி ஒற்றை இலக்கத்தில் நின்றது. ஆக்ஸிஜன் சென்சார்கள் பழையவைதான், இன்றும் ஓடுகின்றன.

அடுத்த முறை வந்தது வேறு ரகம். மழை நாளில் மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை, லைட் விட்டு விட்டு மின்னியது. நிலையாக எரிந்தால் நிதானமாக வொர்க்‌ஷாப் போகலாம். மின்னினால் உடனே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்ட வேண்டும். மின்னுவது பொதுவாக ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவதன் எச்சரிக்கை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் செராமிக் உருகினால், செலவு, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.

ஸ்கேனர் காட்டியது பி0303, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது. இதை ஈசியூ கண்டுபிடிக்கும் விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவர் கால் இடறினால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடுவதுபோல, ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் அந்த நொடியில் துளி வேகம் குறைகிறது. கிராங்க் சென்சார் அதைப் பிடித்துவிடும். எந்த சிலிண்டரின் முறை என்பதும் ஈசியூவுக்குத் தெரியும்.

பரிசோதனை எளிது. மூன்றாம் சிலிண்டர் காயிலை முதல் சிலிண்டரில் மாற்றிப் போட்டோம். கோடு பி0301 என்று மாறியது, ஆக காயில்தான். மாறாமல் இருந்திருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் போக வேண்டியிருக்கும். பிளக்கையும் கழற்றினார் அண்ணன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தமாதிரி ஒரு கருங்கோடு. ஸ்பார்க் நுனிக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே ஓடியதன் தடம் அது. ஸ்பார்க் தாவும் இடைவெளியான கேப்பும் விரிந்திருந்தது. அந்த பிளக்கோடு புது காயில் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரம் போயிருக்கும். நான்கு பிளக்கையும் மாற்றினோம்.

கோடு அழிப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஸ்கேனரைச் செருகியதும் அழித்துவிட்டு "இப்போ ஓட்டிப் பாருங்க" என்பது பல இடங்களில் வழக்கம். அப்படி அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவும் போய்விடும். கோடு விழுந்த அந்தத் தருணத்தில் ஆர்பிஎம் என்ன, கூலன்ட் சூடு என்ன, வேகம் என்ன, லோடு என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அவ்வப்போது வந்து போகும் கோளாறுக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. நான் எப்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் யாரையும் தொட விடுகிறேன். உண்மையில் சரியாகிவிட்டால், தொடர்ந்து மூன்று டிரைவ் சைக்கிள், அதாவது ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்தும் சுற்று, கோளாறு இல்லாமல் போனதும் லைட் பொதுவாகத் தானே அணைந்துவிடும்.

சாதனத்தின் குறைகளும் இருக்கின்றன. மலிவான நகல்களில் சில கட்டளைகள் வேலை செய்யாது, எண்கள் மெதுவாகத்தான் மாறும். நிறைய எண்களை ஒரே திரையில் போட்டால் இன்னும் மந்தம், நான் நான்குக்கு மேல் வைப்பதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் இது பெரும்பாலும் போகாது. பி1 என்று ஆரம்பிக்கும் கோடுகள் தயாரிப்பாளர் வைத்துக்கொண்டவை, ஆப் தரும் விளக்கம் வேறொரு கம்பெனி வண்டிக்கானதாக இருக்கலாம். ஐபோனுக்கு சாதாரண புளூடூத் மாடல் ஒத்துவராது, பிஎல்இ (புளூடூத் லோ எனர்ஜி) அல்லது வைஃபை மாடல் பார்த்து வாங்குங்கள். சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி கரன்ட் எப்போதும் இருக்கும். ஊருக்குப் போகும்போது செருகியபடியே விட்டுவிட்டால் பேட்டரி இறங்கும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டியது, வண்டி நன்றாக ஓடும்போதே சூடான என்ஜினில் ஐடிலிங்கிலும் 2500லும் டிரிம், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றைக் குறித்து வைப்பதுதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு இது இன்னும் அவசியம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் அதே காற்றுக்கு ஈசியூ கூடுதல் எரிபொருள் ஊற்றுகிறது, லாங் டெர்ம் டிரிம் சற்று பிளஸ் பக்கம் நகர்கிறது. என் வண்டியிலும் நகர்ந்தது. பழைய குறிப்பு கையில் இருந்ததால் அதை லீக் என்று நினைத்து ஹோஸ்களைக் கழற்றவில்லை. புது எண்களைப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.