கோயம்பேடா, உழவர் சந்தையா?

சென்னைக்குக் காய்கறி என்றாலே கோயம்பேடு மொத்தச் சந்தைதான். ஓசூர், ஊட்டி, ஆந்திரா, கர்நாடகா என்று எங்கே விளைந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் வந்து இறங்கிவிடும், ஓர் ஊரில் மழை கெடுத்தாலும் இன்னொரு ஊர்ச் சரக்கு கைகொடுக்கும். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் குவிவதுதான் ஆபத்து. 2020 மே மாதம் கொரோனாவால் மூடி, நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றியபோது பார்த்தோமே.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை வேறு மாதிரி. அடையாள அட்டை உள்ள விவசாயி, பக்கத்து ஊரில் பறித்த கத்தரிக்காயை விடிகாலையில் கொண்டுவந்து, பலகையில் எழுதிய விலைக்குத் தானே நிறுத்துக் கொடுக்கிறார். கமிஷன் கிடையாது, காசு அன்றைக்கே கையில்.

வெங்காயம், உருளைக்கிழங்குக்கு இது போதாது, சரி, அதற்குக் கோயம்பேடு இருக்கட்டும். கீரை, கத்தரி, வெண்டைக்கு என் ஓட்டு உழவர் சந்தைக்குத்தான். அங்கே ஒரு சின்னக் குளிர்பதன அறை ஒழுங்காக ஓடினால், மிஞ்சிய தக்காளியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டியிருக்காது.